மூடிய வான்வழி திறக்கும் முறை



“இன்ன நாட்டிற்குச் செல்வதற்கு இருந்த கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன, அந்நாட்டிற்கு மீண்டும் விமானம் விடுவதற்கு விமானக் கம்பெனிகள் திட்டமிட்டு வருகின்றன.” இப்படி ஒரு செய்தி நாளேட்டில் வெளிவருகிறது. நாம் அதனை ஒரு கணம் பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகின்றோம். ஆயினும், அச்செய்தியைச் சற்றே நிறுத்திப் படித்தால் ஒரு கேள்வி எழும். தடைதான் நீங்கிவிட்டதே, மறுநாட்காலையிலேயே விமானம் புறப்பட வேண்டியதுதானே? இடையில் ‘திட்டமிடுதல்’ எதற்கு? அதற்கு எத்தனை நாள் ஆகும்? ஏன் ஆகும்? இன்று நாம் இக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

விடையைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நமது மாநிலத்துச் சென்னைக்கும் இலங்கையின் வடகோடியிலுள்ள யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையே நிகழ்ந்ததையே எடுத்துக்கொள்வோம். பெருந்தொற்றின் காரணமாக 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவ்வழியில் விமானப் போக்குவரத்து நின்றது. அட்டவணைப்படியான அயல்நாட்டு விமானங்களுக்கு இந்திய அரசாங்கம் விதித்திருந்த தடை 2022ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் நீங்கியது. ஆனால், சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் மீண்டும் பறந்த நாள் 2022 டிசம்பர் 12. நாட்களை எண்ணிப் பாருங்கள்: 260 நாட்கள்! ஏறத்தாழ எட்டரை மாதம். தடை நீங்கிய நாளுக்கும் பயணம் தொடங்கிய நாளுக்கும் இடைப்பட்ட இந்த எட்டரை மாதத்தின் பொருளை அறிந்துகொண்டால், உலகில் எந்த நாட்டைப் பற்றிய அத்தகைய செய்தியையும் நாம் தெளிவாகப் புரிந்துகொள்ளலாம்.

முதலில், ‘அட்டவணைப்படியான சேவை’ என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் பேருந்தை நீங்கள் அறிவீர்கள். அது இன்ன மணிக்குப் புறப்படும், இன்ன ஊர்களில் நிற்கும், இன்ன கட்டணம் என்பன முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. நாற்பது பேர் ஏறினாலும் நான்கு பேர் ஏறினாலும் அது புறப்பட்டே ஆக வேண்டும். திருமண வீட்டார் வாடகைக்கு அமர்த்தும் வேன் அத்தகையதன்று. அழைத்தவர்க்காக, அழைத்த நாளில், அழைத்த இடத்திற்கு மட்டும் அது செல்லும். வானத்திலும் இவ்விரு வகை உண்டு. நாள், நேரம், கட்டணம் ஆகியவற்றை முன்கூட்டி அறிவித்து, டிக்கெட் வாங்கும் எவரையும் ஏற்றிச் செல்வது அட்டவணைச் சேவை. ஒரு குழுவினர் மொத்தமாக வாடகைக்கு அமர்த்திச் செல்வது தனிச் சேவை. இவ்விரண்டையும் உலக நாடுகள் வெவ்வேறாகவே நடத்துகின்றன.

அதன் காரணத்தை அறிய வேண்டுமாயின், வானம் யாருக்குச் சொந்தம் என்று கேட்க வேண்டும். கடலில் கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவைக் கடந்துவிட்டால் அது எல்லார்க்கும் பொது. வானம் அவ்வாறன்று. இரண்டாம் உலகப்போர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த 1944ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடினர். டிசம்பர் 7ஆம் நாள் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. அந்நாளே இன்று உலகெங்கும் விமானப் போக்குவரத்து நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவ்வுடன்படிக்கையின் முதல் விதி, ஒவ்வொரு நாட்டிற்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வானத்தின்மீது முழு ஆட்சியுரிமை உண்டு என்று கூறுகிறது. ஆறாவது விதி, ஒரு நாட்டின் அட்டவணை விமானங்கள் மற்றொரு நாட்டிற்குள் வரவேண்டுமாயின் அந்நாட்டின் தனி அனுமதி வேண்டும் என்று கூறுகிறது. இவற்றைக் கவனித்து வரும் உலக அமைப்பு கனடா நாட்டு மான்றியால் நகரத்தில் இயங்குகின்றது.

இவ்வனுமதிகளை ‘வானுரிமைகள்’ என்று கூறுவர். அவற்றுள் ஐந்து முதன்மையானவை. பிற நாட்டின்மேல் இறங்காமல் பறந்து செல்வது முதல் உரிமை. ஆட்களை ஏற்றாமல் இறக்காமல், எரிபொருள் நிரப்புவது போன்ற தேவைக்காக மட்டும் அங்கே இறங்கிச் செல்வது இரண்டாம் உரிமை. தன் நாட்டிலிருந்து பயணிகளைக் கொண்டுபோய்ப் பிற நாட்டில் இறக்குவது மூன்றாம் உரிமை. அங்கிருந்து பயணிகளை ஏற்றித் தன் நாட்டிற்குக் கொண்டுவருவது நான்காம் உரிமை. தன் நாட்டில் தொடங்கும் வழியிலேயே, இரண்டு பிற நாடுகளுக்கு இடையில் பயணிகளை ஏற்றி இறக்குவது ஐந்தாம் உரிமை. முதல் இரண்டையும் பல நாடுகள் ஒரு பொது உடன்பாட்டின் வாயிலாகத் தமக்குள் அளித்துக்கொண்டன. மற்றவற்றை இரண்டு நாடுகள் எதிரெதிரே அமர்ந்து பேசித்தான் தீர்மானிக்கின்றன. இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்கு, வாரத்திற்கு இத்தனை முறை அல்லது இத்தனை இருக்கைகள் என்று அந்த ஒப்பந்தங்களில் வரையறுப்பதுண்டு. சென்னையிலிருந்து இந்தியக் கம்பெனி ஒன்று யாழ்ப்பாணத்திற்குப் பயணிகளைக் கொண்டு செல்வது மூன்றாம் உரிமை. திரும்ப அழைத்து வருவது நான்காம் உரிமை. பார்ப்பதற்கு ஒரே பயணமாகத் தோன்றினும், சட்டத்தின் கண்ணில் அவை இரண்டு.

இந்த ஒப்பந்த விவரம் நமக்கு அயலானதன்று. நம் மாவட்டத்திற்கு அண்மையிலுள்ள பெரிய விமான நிலையம் மதுரை. பல நாடுகளோடு நம் நாடு செய்துகொண்ட ஒப்பந்தங்களில், அந்நாட்டு விமானங்கள் வந்திறங்கக்கூடிய ஊராக மதுரை சேர்க்கப்படவில்லை என்பது தென் மாவட்டத்து வணிகப் பெருமக்களின் நெடுநாளைய குறை. ஓடுதளமும் கட்டடமும் ஆயத்தமாக இருந்தாலும், ஒப்பந்தத்தில் ஊரின் பெயர் இல்லையேல் அயல்நாட்டுக் கம்பெனியின் விமானம் அங்கே இறங்க இயலாது. ஒரு சொல் தாளில் ஏறாமையால் ஒரு வட்டாரத்தின் மக்கள் சென்னைக்கோ திருச்சிக்கோ திருவனந்தபுரத்திற்கோ சென்று விமானம் ஏற வேண்டியிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனிப் பலாலியின் வரலாற்றைச் சிறிது காண்போம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையினரால் அமைக்கப்பட்டது அந்நிலையம். ‘ஏர் சிலோன்’ என்னும் இலங்கை விமானக் கம்பெனி தன் முதல் பயணத்தை நடத்தியது 1947 டிசம்பர் 10ஆம் நாள். கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து புறப்பட்ட டக்கோட்டா விமானம், காங்கேசன்துறை என அந்நாளில் குறிக்கப்பட்ட இதே பலாலியில் இறங்கிச் சென்னைக்கு வந்தது. ஆக, இலங்கையின் அட்டவணை விமானப் போக்குவரத்து தமிழர் வாழும் இரு கரைகளை இணைத்தே பிறந்தது எனலாம். பின்னர் இலங்கையில் மூண்ட உள்நாட்டுப் போரின்போது அயல்நாட்டு விமானங்கள் அங்கே வருவது அற்றுப்போயிற்று. இராமேசுவரத்திற்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலும் நின்றது. 2009ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிந்தது. அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 2019 அக்டோபர் 17ஆம் நாள், ‘யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்’ என்னும் பெயருடன் பலாலி மீண்டும் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் இந்திய அரசாங்கத்தின் ‘அலையன்ஸ் ஏர்’ கம்பெனி சென்னையிலிருந்து வாரம் மூன்று நாள் சேவையைத் தொடங்கியது. நான்கு மாதம் முடிந்து சில நாட்களே சென்றிருந்தன. பெருந்தொற்று வந்து வாயிலை மீண்டும் அடைத்துவிட்டது.

2020 மார்ச் 23 முதல் நம் நாட்டில் அட்டவணைப்படியான அயல்நாட்டுப் பயணி விமானங்கள் யாவும் நிறுத்தப்பட்டன. ஆனால் உலகம் அடியோடு நின்றுவிடுமா? அயல்நாடுகளில் தவித்தோரை அழைத்துவர மே மாதம் 7ஆம் நாள் முதல் ‘வந்தே பாரத்’ என்னும் தனி விமானங்கள் பறந்தன. பின்னர், இரண்டிரண்டு நாடுகள் தமக்குள் ஏற்பாடு செய்துகொண்டு, வரையறுக்கப்பட்ட அளவில் விமானங்களை இயக்கின. ஒரு குமிழிக்குள் இருவர் மட்டும் நடமாடுவதுபோல் இருந்தமையால் இதற்கு ‘விமானக் குமிழி ஏற்பாடு’ என்று பெயர் வந்தது. இலங்கையோடு அத்தகைய ஏற்பாடு 2021 ஏப்ரலில் செய்யப்பட்டது. திருமண வேனுக்கும் வழித்தடப் பேருந்துக்கும் முன்னர்ச் சொன்ன வேற்றுமையை இங்கே நினைவுகூருங்கள். குமிழி ஏற்பாட்டிலும் விமானம் பறந்தது. ஆனால் அது அவசர காலத்து ஏற்பாடு. எப்பொழுது மாறும் என்று எவரும் உறுதி கூற இயலாத ஒன்று.

அந்த உறுதியின்மைக்கு ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 2021 நவம்பர் இறுதியில், டிசம்பர் 15 முதல் அயல்நாட்டு அட்டவணைச் சேவைகள் மீண்டும் தொடங்கும் என்று அரசாங்கம் அறிவித்தது. சில நாட்களுக்குள்ளாகவே ‘ஒமைக்ரான்’ என்னும் புதிய வகைக் கிருமி பரவத் தொடங்கியது. டிசம்பர் முதல் நாளிலேயே அந்த அறிவிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. கட்டுப்பாடு தளர்ந்தது என்ற செய்தியைக் கேட்ட மறுகணமே கம்பெனிகள் விமானத்தைப் பறக்கவிடாமல் எச்சரிக்கையோடு நடப்பது ஏன் என்பது இதனால் விளங்கும்.

இறுதியில் 2022 மார்ச் 27 என்று நாள் குறிக்கப்பட்டது. அந்த நாளைத் தெரிந்தெடுத்தது ஏன்? நாட்காட்டியைப் பார்த்தால் அது மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை என்பது தெரியும். உலக விமானக் கம்பெனிகள் ஓராண்டை இரண்டு பருவங்களாகப் பகுத்துள்ளன. மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறன்று கோடைப் பருவ அட்டவணை தொடங்கும். அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறன்று குளிர்ப் பருவ அட்டவணை தொடங்கும். ஒவ்வொரு பருவத்திற்கும் ஏறத்தாழ நான்கைந்து திங்களுக்கு முன்னரே உலக விமான நிலையங்களின் அலுவலரும் கம்பெனிகளின் அலுவலரும் ஒன்றுகூடி, எந்த விமானம் எந்த நிலையத்தில் எந்த நேரத்தில் இறங்குவது, ஏறுவது என்று பேசி முடிவு செய்கின்றனர். கூட்டம் மிகுந்த நிலையங்களில் ஒரு விமானம் இறங்குவதற்கென ஒதுக்கப்படும் அந்தச் சிறு நேரம் பொன்னினும் மதிப்புடையது.

இது சிவகாசி மாணவர்களுக்குப் புதுமையாக இராது. அடுத்த ஆண்டின் நாட்காட்டி அச்சகத்தில் எப்பொழுது உருவாகத் தொடங்குகிறது? ஆடிப் பதினெட்டன்றே மாதிரி ஆல்பம் வெளிவந்து ஆர்டர்கள் வாங்கப்படுகின்றன அன்றோ? தை பிறந்த பிறகு நாட்காட்டி அச்சிடத் தொடங்குபவன் வணிகம் செய்ய முடியாது. விமானக் கம்பெனியும் அவ்வாறே. பருவம் தொடங்கிய பின் வந்து நேரம் கேட்பவனுக்கு மிஞ்சிய நேரமே கிடைக்கும். தடை நீங்கும் நாளும் அட்டவணை தொடங்கும் நாளும் ஒன்றாக வைக்கப்பட்டதன் நோக்கம், கம்பெனிகள் ஒரு பருவத்தின் தொடக்கத்திலிருந்தே ஒழுங்காகச் செயற்பட வேண்டும் என்பதே.

இனி, கம்பெனி செய்யவேண்டிய ஆயத்தங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, எந்த விமானம் என்பது. சென்னையும் யாழ்ப்பாணமும் ஏறத்தாழ 80 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையையொட்டி அமைந்தவை. சென்னையின் அட்சரேகை ஏறத்தாழ 13 பாகை. பலாலியினது 9¾ பாகை. வேறுபாடு 3¼ பாகை. ஒரு பாகை அட்சரேகைக்கு 111 கிலோமீட்டர் என்பது உங்கள் பூகோளப் பாடம். பெருக்கிப் பாருங்கள், 360 கிலோமீட்டர் கிடைக்கிறது. நம் விருதுநகரிலிருந்து சாலை வழியே சென்னைக்குச் செல்லும் தொலைவைவிட இது குறைவு! இவ்வளவு குறுகிய வழிக்குப் பெரிய ஜெட் விமானம் தேவையில்லை. மேலும் பலாலியின் ஓடுதளமும் சிறிய விமானங்களுக்கே ஏற்றதாயிருந்தது. ஆதலின், இறக்கையின் இருபுறமும் சுழல்விசிறி பூண்ட, ஏறத்தாழ 70 பேர் அமரக்கூடிய ‘ஏ.டி.ஆர்.’ வகை விமானம் பயன்படுத்தப்பட்டது. அவ்வகை விமானம் ஒன்றைப் பலாலிக்கு அனுப்ப வேண்டுமானால், வேறொரு வழியிலிருந்து அதனை எடுத்தாக வேண்டும். கம்பெனியின் கொட்டகையில் விமானங்கள் சும்மா நிற்பதில்லை.

இரண்டாவது, விமானத்தின் நலமும் விமானியின் தகுதியும். நெடுநாள் நின்றிருந்த விமானத்தின் எந்திரம், சக்கரம், கருவிகள் யாவும் விதிப்படி சோதிக்கப்பட்ட பின்னரே பயணிகளை ஏற்றலாம். விமானிக்கும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது. பயணிகளோடு பறப்பதற்கு, கடந்த 90 நாட்களுக்குள் குறைந்தது மூன்று முறையாவது அவர் விமானத்தை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும் என்பது உலக வழக்கம். உண்மையான விமானத்தையே ஒத்த பயிற்சிக் கருவியிலும் அதனைச் செய்து காட்டலாம். பெருந்தொற்றுக் காலத்தில் ஆயிரக்கணக்கான விமானிகள் வீட்டிலிருந்தனர். அவர்களை மீண்டும் ஆயத்தப்படுத்துவதே பெரும் வேலையாயிற்று.

மூன்றாவது, எதிர்முனையில் இருக்கும் நிலையம். விமானம் இறங்க ஓடுதளம் மட்டும் போதாது. குடியேற்றச் சோதனை, சுங்கச் சோதனை, சுகாதாரச் சோதனை ஆகியவற்றிற்கு அலுவலர் வேண்டும். தீயணைப்புப் படை வேண்டும். வந்திறங்கும் விமானத்தின் நீள அகலத்திற்கு ஏற்ப எத்தனை தீயணைப்பு வண்டிகள், எவ்வளவு நீர் என்று விதி உண்டு. அது குறைவாயின் விமானம் இறங்க அனுமதி இல்லை. ஈராண்டுக்கு மேல் அயல்நாட்டு விமானம் வாராத ஒரு நிலையத்தில் இவை அனைத்தையும் மறுபடி நிறுவுவதற்கு நாட்கள் வேண்டுமன்றோ?

நான்காவது, எரிபொருள். இங்கேதான் 2022ஆம் ஆண்டில் எவரும் எதிர்பாராத இடர் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் இலங்கை அரசாங்கம் தன் அயல்நாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அயல்நாட்டுச் செலாவணி இன்மையால் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விமான எரிபொருளுக்கும் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. கொழும்பிலிருந்து நெடுந்தொலைவு செல்லும் விமானங்கள் நமது திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. பயணிகளை ஏற்றாமலும் இறக்காமலும், எரிபொருளுக்காக மட்டும் இறங்குவது எந்த உரிமை? இரண்டாம் உரிமை. 1944இல் தாளில் எழுதப்பட்ட ஒரு விதி, 78 ஆண்டுகள் கழித்து ஓர் அண்டை நாட்டின் இடர்க் காலத்தில் கைகொடுத்தது. ஆக, நோய்க்கான தடை நீங்கிய அதே வேளையில் பொருளாதார இடர் வழியை மறித்துக்கொண்டது. தடை என்பது ஒன்றே ஒன்றாக இருப்பதில்லை. ஒன்று நீங்கும்போது அதன் பின்னே நின்ற மற்றொன்று கண்ணுக்குத் தெரிகிறது.

ஐந்தாவது, கணக்கு. இதனை ஓர் எளிய கற்பனைக் கணக்கால் விளக்குகிறேன். ஒரு விமானம் சென்று திரும்ப ஆறு லட்சம் ரூபாய் செலவாகும் என்று கொள்வோம். போக 70 இருக்கை, வர 70 இருக்கை, ஆக 140. ஒரு வழிக்குக் கட்டணம் 6,000 ரூபாய் என்றால், செலவை ஈடுகட்ட 100 பயணிகள் வேண்டும். பாதி இருக்கைகளே நிரம்பினால் வருவாய் 4,20,000 ரூபாய். ஒரு நாளைக்கு 1,80,000 ரூபாய் நட்டம். பேருந்தைப்போலவே அட்டவணை விமானமும் ஆள் குறைவு என்று நின்றுவிட முடியாது. ஆதலால் கம்பெனிகள் நாள்தோறும் பறப்பதாகத் தொடக்கத்திலேயே அறிவிப்பதில்லை. வாரத்தில் சில நாட்கள் மட்டும் விமானம் விட்டால், ஏழு நாட்களின் பயணிகள் அந்தச் சில நாட்களில் வந்து சேருவர். 2019இல் வாரம் மூன்று நாள் என்று தொடங்கிய பலாலிச் சேவை, 2022 டிசம்பரில் வாரம் நான்கு நாள் என்று மீண்டும் தொடங்கியதன் பின்னணி இத்தகைய கணக்கே.

நேரக் கணக்கைப் பற்றியும் ஒரு சொல். விமானப் புறப்பாட்டு நேரங்கள் அந்தந்த ஊர் நேரப்படியே டிக்கெட்டில் குறிக்கப்படும். நம் நாட்டிலும் இலங்கையிலும் கடிகாரம் ஒன்றே காட்டுகிறது. இரண்டும் கிரீன்விச் நேரத்திற்கு ஐந்தரை மணி முற்பட்டவை. ஆனால், இலங்கை தன் நேரத்தை இடையில் சில ஆண்டுகள் மாற்றி வைத்திருந்து, 2006இல்தான் பழைய நேரத்திற்குத் திரும்பியது. இக்குழப்பங்களுக்கு இடமின்றி, விமானிகளும் கட்டுப்பாட்டு அலுவலரும் தமக்குள் உலகப் பொது நேரத்தையே பயன்படுத்துகின்றனர்.

பட்டாசுத் தொழில் வளர்ந்த பகுதியில் வாழும் உங்களுக்கு மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். அயல்நாட்டிலுள்ள உறவினருக்கு நம் ஊர்ப் பட்டாசை அன்பளிப்பாகக் கொண்டு செல்லும் ஆசை எழலாம். கைப்பையிலோ பெட்டியிலோ பட்டாசு கொண்டு செல்வது அடியோடு தடை செய்யப்பட்டது. இதன் காரணம் விஞ்ஞானம். காகிதமோ துணியோ எரிவதற்குச் சுற்றியுள்ள காற்றின் பிராணவாயு வேண்டும். காற்றைத் தடுத்தால் தீ அணையும். பட்டாசில் சேர்க்கப்படும் வெடியுப்பு போன்ற பொருள்கள் பிராணவாயுவைத் தம்முள்ளேயே கொண்டவை. அதனால் காற்றில்லாத இடத்திலும் அது எரியும். விமானத்தின் சரக்கறையில் எழும் தீயை அடக்க அமைந்த சாதனங்கள் இத்தகைய தீக்கு முன் பயன்படா. தரையில் மருந்துக் கலவையைக் கையாளும்போது உங்கள் பெற்றோர் எவ்வளவு எச்சரிக்கையோடு இருக்கின்றனர் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஓடித் தப்ப இடமில்லாத வானத்தில் அந்த எச்சரிக்கை பன்மடங்கு வேண்டும்.

அதே தொழிலிலிருந்து மற்றொரு பாடமும் கிடைக்கிறது. தீபாவளிக்குப் பின் மூடப்படும் ஆலை மீண்டும் திறக்கப்படும் நாளன்று மாலையே பட்டாசுப் பெட்டி வெளியே வந்துவிடுகிறதா? இல்லை. உரிமம் ஒழுங்காக இருத்தல் வேண்டும். மூலப்பொருள் வந்து சேர வேண்டும். ஊருக்குப் போன தொழிலாளர் திரும்ப வேண்டும். திரி செய்ய வேண்டும். வெயிலில் உலர்த்த வேண்டும். கதவைத் திறப்பது ஒரு கணத்து வேலை. உள்ளே தொழில் நடக்கச் செய்வது பல கைகளின் வேலை. நாட்டின் கதவும் அத்தகையதே.

இத்துணை முயற்சியும் யாருக்காக? உல்லாசப் பயணிகளுக்காக மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் நமது மாவட்டத்திலும் உள்ளன. விருதுநகரை அடுத்த குல்லூர்சந்தை முகாமை உங்களில் பலர் அறிவீர்கள். அங்கிருந்து வந்து உங்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கும் மாணவரும் இருக்கக்கூடும். அவர்களுடைய பாட்டனாரும் பாட்டியாரும் கடலுக்கு அப்பால் வாழ்ந்துகொண்டிருக்கலாம். ஒரு சாவுச் செய்தி வரும்போது, ஒரு திருமணம் நிச்சயமாகும்போது, ‘வாரத்தில் இன்ன நாள் விமானம் உண்டு’ என்பது அக்குடும்பங்களுக்கு எத்தகைய செய்தி என்று சிந்தியுங்கள். அதே வேளையில், விமானம் பறப்பதனாலேயே அவர்களுக்கு வழி திறந்துவிடுவதும் இல்லை. பாஸ்போர்ட் இல்லாதவர் இலங்கைத் தூதரகத்தின் பயண ஆவணம் பெற வேண்டும்; வெளியேறும் அனுமதியை நம் அரசாங்கத்திடமிருந்து பெற வேண்டும். நாட்டிற்கு இருக்கும் கட்டுப்பாடு தளர்ந்த பின்னும், தனி மனிதர்க்கு இருக்கும் கட்டுப்பாடு தளரக் காத்திருப்போர் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

2022க்குப் பின் நிகழ்ந்ததையும் கூறி முடிக்கிறேன். 2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. 2024 செப்டம்பர் முதல் நாள் ‘இண்டிகோ’ கம்பெனி சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்திற்கு நாள்தோறும் விமானம் விடத் தொடங்கியது. 2025 மார்ச் 30ஆம் நாள் அதே கம்பெனி திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்திற்குச் சேவையைத் தொடங்கியது. அந்நாளை நாட்காட்டியில் பாருங்கள்: அதுவும் மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறு! கோடைப் பருவ அட்டவணை தொடங்கும் நாள். இனி அத்தகைய நாட்கள் உங்களுக்குத் தற்செயலாகத் தோன்றா.

ஆகவே, மாணவச் செல்வங்களே, கட்டுப்பாடு தளர்ந்தது என்ற செய்தியை இனிப் படிக்கும்போது ஐந்து கேள்விகளை எழுப்புங்கள். இரு நாடுகளின் ஒப்பந்தத்தில் அந்த ஊரின் பெயர் உள்ளதா? அடுத்த பருவ அட்டவணை எப்பொழுது தொடங்குகிறது? ஏற்ற விமானமும் தகுதியுள்ள விமானியும் உள்ளனரா? இறங்கும் நிலையம் ஆயத்தமாக உள்ளதா? இருக்கைகள் நிரம்புமா? இவ்வைந்திற்கும் விடை கிடைத்தால், விமானம் எப்பொழுது பறக்கும் என்பதை நீங்களே ஏறத்தாழக் கணித்துவிடலாம்.

அட்டவணை என்பது வெறும் நேரக்குறிப்பன்று. அது மக்களுக்கு ஒரு கம்பெனியும் இரண்டு அரசாங்கங்களும் சேர்ந்து அளிக்கும் வாக்குறுதி. அதை நம்பி மக்கள் திருமணத்திற்கு நாள் குறிக்கின்றனர், மருத்துவரைக் காண நாள் கேட்கின்றனர், கல்லூரியில் சேருகின்றனர். வாக்குக் கொடுப்பவன் பலமுறை சிந்தித்தே கொடுக்க வேண்டும். அந்தச் சிந்தனைக்குத்தான் செய்தித்தாள் ‘திட்டமிட்டு வருகின்றன’ என்று பெயரிட்டிருக்கிறது.